சவுக்குத் தோப்பின் கிழக்குப் பாதி

பென்னலூர்,
20.11.2011

என் வீட்டுக்காரர் கோதண்டம் அவர்களுக்கு,

மஞ்சுளா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். பசு போன வாரம் கிடாரிக் கன்று போட்டது, அதுவும் நலம். குஜராத்தில் குளிர் ஆரம்பித்திருக்கும். மப்ளரைப் பெட்டியில் சுருட்டி வைக்காமல் கழுத்தில் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஃபோனில் பாதியிலேயே கத்த ஆரம்பிப்பீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை சும்மா இருந்துதானே ஆக வேண்டும்.

போன வாரக் காற்றில் நம் சவுக்குத் தோப்பில் நிறைய மரம் விழுந்துவிட்டது. கிழக்குப் பாதியில் மட்டும்.

ஆவணியில் சவுக்குக் கம்பு வாங்கும் வியாபாரி சுப்பராயன் தோப்பைப் பார்க்க வந்தார். உள்ளே நுழைய இடமில்லாமல் வரப்பிலேயே நின்றுகொண்டு, "இன்னாம்மா இது, சவுக்கு நட்டுக்கீறியா, நெல்லு நட்டுக்கீறியா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. பிறந்ததிலிருந்து நெல் நட்ட கை நமக்கு. சவுக்குக் கன்று கையில் வந்ததும் கை தானாக நெருக்கிவிட்டது. நீங்களும்தான் கூட நட்டீர்கள், அதை மறந்துவிட வேண்டாம். இரண்டு வருஷத்தில் எல்லா மரமும் வெயிலுக்குப் போட்டி போட்டு உயரமாகப் போய்விட்டதே தவிர, தண்டு பருக்கவில்லை. ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்தால்தான் மிச்சம் தேறும் என்றார் அவர். உங்களைக் கேட்டேன். ஒரு மரத்தையும் தொடாதே என்றீர்கள். அதனால் மேற்குப் பாதியை உங்கள் சொல்லுக்கு விட்டுவிட்டு, கிழக்குப் பாதியில் என் சொல்லுக்கு வெட்டினேன்.

காற்று அடித்த அன்று, முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த இசக்கிசெல்விதான் சத்தம் கேட்டு என்னைக் கூப்பிட்டாள். நம் முன் அறையில் வாடகைக்கு இருக்கிற தென்காசிப் பெண். ஓடிப்போய்ப் பார்த்தால் என் பாதியில் மூன்றில் ஒரு பங்கு படுத்துக் கிடக்கிறது. உங்கள் பாதியில் ஒரு மரம்கூடச் சாயவில்லை. நெருக்கமாக நின்றவை ஒன்றையொன்று தாங்கியே வளர்ந்தவையாம். திடீரென்று பக்கத்தில் இருந்தது போனால் தனியாக நிற்கத் தெரியாதாம். முதல் வருஷமே எடுத்திருக்க வேண்டும், இனி நிற்கிறவை வேர் பிடித்துக்கொள்ளும் என்று சுப்பராயன் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் அண்ணன் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நான் சேற்றில் உட்கார்ந்து அழுதேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு மரத்தையும் தொடாதே என்ற நீங்களே இப்போது எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, கார் ஏற்றும் டிரெய்லர் நிறுத்த இடம் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆறு மாதம் என்று சொல்லித்தான் கம்பெனி உங்களைப் புதுப் பிளாண்டுக்கு அனுப்பியது. இது இரண்டாவது வருஷம். தோப்பும் போய்விட்டால் நீங்கள் எதைப் பார்க்க வருவீர்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நிற்கிற மரங்களை இன்னும் இரண்டு வருஷம் விட்டு வையுங்கள்.

பிடிவாதக்காரியானாலும் உங்களுடைய,
மஞ்சுளா


பென்னலூர்,
15.12.2013

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

மஞ்சுளா எழுதுவது. சளி விட்டதா? வெந்நீரில் ஆவி பிடித்தேன் என்று ஃபோனில் சொன்னதை நான் நம்பவில்லை.

போன வருஷத் தீபாவளிக்கு நீங்கள் நாலு நாள் வந்தபோது பார்த்த தோப்பு இல்லை இது. நேற்று வளையலைக் கழற்றி உங்கள் பாதியில் ஒரு மரத்தண்டின்மேல் வைத்துப் பார்த்தேன். வளையல்தான் பெரிது. அங்கே பாதி மரம் நிழலில் நின்று நின்று, யாரும் வெட்டாமலே காய்ந்துவிட்டது. என் பாதியில் ஒரு மரத்தை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தேன், விரல்கள் தொட்டுக்கொள்ளவில்லை. எண்ணிக்கை குறைவுதான். ஆனாலும் ஒரகடத்தில் கட்டிடங்களுக்குச் சாரம் கட்ட இப்படிப்பட்ட கம்புதான் வேண்டும் என்று சுப்பராயன் தட்டித் தட்டிப் பார்த்தார். மேற்குப் பக்கத்தை விறகுக்குப் பார்க்கலாம் என்றார். உங்கள் அண்ணன் இப்போதெல்லாம் அந்த வழியாக வருவதில்லை.

இனி நீங்கள் சொன்ன விஷயம். பதவி கொடுத்து அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கம்பெனி கேட்கிறது, வேண்டாம் என்றால் இங்கே பழைய லைனுக்கே திருப்பி அனுப்புவார்கள், பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள். என்னை அங்கே வா என்று கூப்பிடவும் உங்களால் முடியவில்லை, அறையில் நாலு ஆண்கள் இருக்கிறீர்கள். சொல்லிவிட்டு, "தள்ளித் தள்ளி நின்னாத்தான் பருக்கும்னு நீதான காட்ன?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். அதற்கப்புறம் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அது சவுக்குக்குச் சரி. அதற்கு வெயிலும் தண்ணீரும் இருந்தால் போதும். எனக்குப் போதவில்லை. நாலு வருஷமாக ஓர் ஆளுக்கு உலை வைக்கிறேன். இன்னும் எனக்கு அளவு வரவில்லை, தினமும் மிஞ்சுகிறது. உங்கள் பதவி உயர்வை நான் கெடுக்கிறேன் என்று ஊர் சொல்லட்டும். வந்துவிடுங்கள்.

பொங்கல் முடிந்ததும் தோப்பு முழுவதையும் வெட்ட ஆள் சொல்லிவிட்டேன். அதே இடத்தில் திரும்பவும் சவுக்குதான். இந்தத் தடவை கை போன போக்கில் நடப்போவதில்லை. மூன்றடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கயிறு திரித்து வைத்திருக்கிறேன். கயிற்றை இழுத்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் நான் நிற்பேன். மறுமுனைக்குக் கூலிக்கு ஆள் வைக்க மாட்டேன்.

பெருமாள் துணையிருப்பார். பத்திரமாக ரயில் ஏறுங்கள்.

உங்கள் மஞ்சுளா