காதுகுத்து நாளில் ஒரு கையெழுத்து

திருப்பூர்,
9.8.2006

அன்புள்ள அக்கா நாகஜோதிக்கு,

தம்பி ராக்கையா எழுதுவது. சென்னையில் நீயும் மச்சானும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எனக்குச் சாப்பாட்டுக்கும் வேலைக்கும் குறைவில்லை. சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

நீ இருந்த லைன் வீட்டில் இப்போது பீகார்க்காரப் பையன்கள் நாலு பேர். உன் கறிவேப்பிலைச் செடிக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் சட்டத்தை எதிர்த்து நீ போட்ட வழக்கில் அரசுத் தரப்பு ஒரு பதிவேட்டைக் காட்டியதாகச் சொன்னாய். பிப்ரவரி இருபத்தேழாம் தேதி தொழிலாளரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்ட கூட்டமாம். அதில் என் பெயரும் கையெழுத்தும் இருக்கிறதே என்றாய். வேறு யாரோ போட்டது அக்கா என்றேன். நீ உடனே நம்பிச் சிரித்தாய். “பிப்ரவரி இருபத்தேழு அன்னைக்குத்தானேடா பாப்பாவுக்குக் காதுகுத்து. உன் மடியிலதானே உக்காந்திருந்தா” என்றாய்.

கையெழுத்து என்னுடையதுதான் அக்கா.

காதுகுத்து முடிந்து ஊரிலிருந்து திரும்பிய வாரம் கம்பெனியில் ஆடிட். சரக்கு வாங்கும் வெளிநாட்டு ஆள் சோதிக்க வரும் நாளில் நாம் எப்படி இருப்போம் என்று உனக்குத் தெரியும். எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு லீவு என்று ஒப்பிப்போம். நீட்டுகிற பேப்பரில் எல்லாம் கையெழுத்துப் போடுவோம். பெர்சனல் மேனேஜர் சிவசுப்பிரமணியம் அந்தக் கட்டோடு இந்தக் கூட்டப் பதிவேட்டையும் வைத்து, எல்லாரும் போட்டாச்சுங்க, நீங்களும் போட்டுருங்க என்றார். படிக்காமல் போட்டேன் என்றால் நீ மன்னித்துவிடுவாய். ஆனால் நான் படித்தேன். நான் ஊரில் இருந்த நாளின் தேதி போட்டிருந்ததையும் பார்த்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் ‘தொழிலாளர் பிரதிநிதி’ என்று டைப் அடித்திருந்தது. ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

நம்மோடு வேலை பார்த்த குழந்தையம்மாள் தையல் மெஷினிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் நீ கோர்ட்டுக்குப் போனாய். வேலை நேரத்தை மாற்றுமுன் தொழிலாளியைக் கேட்க வேண்டும் என்று நம் நாடு வெள்ளைக்காரன் காலத்திலேயே உலக நாடுகளோடு ஒப்பந்தம் செய்திருக்கிறதாம். கேட்காமல் போட்ட சட்டம் அரசியல் சாசனத்தின் முன் நிற்காது என்று உன் வக்கீலம்மா வாதாடுகிறாராம். கேட்டோம் என்பதற்கு இப்போது நான் சாட்சியாகிவிட்டேன். கம்பெனியில் உன்னை வேலையை விட்டு நிறுத்தியபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை, அது என் தம்பி கையெழுத்தே இல்லை என்று நீ கோர்ட்டில் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கப் போகிறாய். என் பொய்க்காக நீ பொய்ச்சத்தியம் செய்யக் கூடாது. நேற்று இரண்டு தடவை பூத்திலிருந்து போன் செய்தேன். உன் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். அதனால்தான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

கூடவே காதுகுத்துப் போட்டோ வைத்திருக்கிறேன். பாப்பா என் மடியில் அழுகிறாள், பின்னால் நம்மூர் ஐயனார் கோயில் குதிரை, மூலையில் தேதி. வக்கீலம்மாவிடம் கொடு. கையெழுத்து என்னுடையது, அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நானே எழுதிக் கொடுக்கிறேன். வேலை போனால் போகட்டும்.

ஞாயிறு காலை வந்து சேருவேன். ஸ்டேஷனுக்கு மச்சானை அனுப்ப வேண்டாம். நீ கதவைத் திறந்தால் போதும். திட்டுவதானால் பாப்பா இல்லாத நேரத்தில் திட்டு. திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போடாதே அக்கா. நான் போடுகிறேன், அன்றைய தேதியிலேயே.

இப்படிக்கு,
உன் தம்பி
ராக்கையா