ஹீலியம் இல்லை என்றேன்

செவ்வாய் கிரகம், ஏவுதளப் பதிவு. பதிபவர்: லூர்து, ஏவுதளக் காவலர்.

நாள் 2611, காலை 7.10
புறப்பட இன்னும் ஆறு நாள். ராக்கெட் நலம். எரிபொருளை இஞ்சினுக்குள் தள்ளும் ஹீலியம் தொட்டி நிரம்பியிருக்கிறது. பயணி நான் ஒருவன்தான். ஏழு வருஷம் கழித்துத் தூத்துக்குடிக்குப் போகிறேன். காலையில் நீர்ப்பாசி உப்புமா. அதைப் பற்றிப் பதிய ஒன்றுமில்லை.

நாள் 2612, காலை 9.40
குடியிருப்பிலிருந்து டாக்டர் ஹசீனா வானொலியில் அழைத்தார். அங்கிருக்கும் கோமளாவுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை.
"லூர்து சார், புள்ளைக்கு மூச்சுக்குழாய் சுருங்கிக் கெடக்கு. ஆக்சிஜன் உள்ள போகமாட்டேங்குது. ஹீலியம் கலந்து குடுத்தா லேசா எறங்கும். மருந்து வேலை செய்யற வரைக்கும் தாங்கினாப் போதும். உங்ககிட்ட இருக்கா?"
இல்லை என்றேன். போன மாதக் கசிவில் எல்லாம் போய்விட்டது என்றேன். யோசிக்கக்கூட இல்லை, பொய் வாயிலேயே இருந்தது.
கொடுத்தால் ராக்கெட் கிளம்பாது. அடுத்த ஹீலியம் வர மூன்று வருஷம் ஆகும்.

நாள் 2612, பகல் 12.50
தொட்டி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். படிப்பவரே, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை, தொட்டியைப் பார்க்கத்தான் தோன்றியது. இன்னும் இறுக்கிவைக்கப் போய், குழாய் மூட்டைத் தளர்த்திவிட்டேன். அறைக்குள் புஸ்ஸென்று வந்தது. அடைத்து முடிப்பதற்குள் வானொலி.
"சார், வேற எங்கயாவது கொஞ்சம் இருக்குமா? புள்ள நீலமாயிட்டு வருது."
பழக்கதோஷம், பட்டனை அழுத்திவிட்டேன். "துளிகூட இல்லம்மா."
கீச்கீச்சென்று வந்தது என் குரல், பொம்மை எலி பேசுவதுபோல. ஹீலியத்தைச் சுவாசித்தவன் குரல். டாக்டருக்கா தெரியாது?
டாக்டர் உடனே சொன்னார்:
"வண்டி அனுப்பறேன். தொட்டிய ஏத்தி விடுங்க."
அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நாள் 2614, மாலை
குழந்தை தேறுகிறதாம். நானாகவே கொடுத்ததாக டாக்டர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். கோமளா அழைத்தாள்.
"அண்ணே, எம் புள்ளைக்காக ஊருக்குப் போறதையே விட்டுட்டீங்களே. ஒங்க கால்ல விழுந்து கும்பிடணும்."
"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.
பிறகு, தாமதத்தால் குழந்தைக்குக் கெடுதல் உண்டா என்று டாக்டரிடம் நானே கேட்டேன்.
"மூணு மணி நேரம் வீணாப் போச்சு சார். மூளைக்கு ஏதாச்சும் ஆச்சான்னு வளர வளரத்தான் தெரியும். அவங்கம்மாகிட்ட நான் சொல்லல."

நாள் 2615
குழந்தை முதல்தடவையாக உரக்க அழுகிறது. மூக்கில் இன்னும் ஹீலியக் குழாய். வானொலியில் எல்லோருக்கும் கேட்கும்படி போட்டிருக்கிறார்கள். கீச்கீச்சென்ற அழுகை. குடியிருப்பே சிரிக்கிறது.
"கேட்டீங்களா அண்ணே? நீங்க குடுத்த குரல்!"
கேட்கிறேன் கோமளா. துளிகூட இல்லை என்று சொன்ன குரல் அது. வெட்கத்தில் முகத்தை மூடிக்கொள்கிறேன், காதை மூட முடியவில்லை.
அவள் பதிலுக்குக் காத்திருக்கிறாள். டாக்டரும் கேட்டுக்கொண்டிருப்பார். பட்டனை அழுத்துகிறேன். "கோமளா, ஹீலியத்த வெச்சுக்கிட்டே அந்த மூணு மணி நேரம் நான்..."