பெரட்டுக்கு மதுசன் வரவில்லை

ஜனவரி 11
கோயில் கூட்டத்தில் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கஜேந்திரன் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். இன்று இளசுகள் மேல் பாய்ந்தார். "இப்ப உள்ள பயலுங்களுக்குத் தைரியம்னா என்னான்னே தெரியாது. போனைத் தடவத்தான் லாயக்கு." எல்லோரும் தலையாட்டினார்கள். என் மகன் மதுசனும் அங்கேதான் நின்றான். போன மழையில் மண் சரிந்து மேல் லயத்து வரிசை வீடுகள் புதைந்தபோது, மீட்க வந்த ஆமிப் பட்டாளத்தோடு சேற்றில் இறங்கிக் கையால் தோண்டியது யார்? இவனும் இவன் கூட்டாளிகளும்தானே? தலைவர் அன்றைக்கும் மைக்கில்தான் இருந்தார்.

ஜனவரி 15
பொங்கலும் அதுவுமாகச் சொல்கிறான், ஆமியில் சேரப் போகிறானாம். "அன்னைக்கு அவங்க வராட்டி சின்னம்மா மண்ணுக்குள்ளயே போயிருக்கும்மா. நானும் அப்படி ஒரு ஆளா இருக்கணும்."  சின்ன வயதில், தமிழர்களை அடித்த கலவரத்தில் ஆமி பார்த்துக்கொண்டு நிற்க, அப்பா எங்களை இழுத்துக்கொண்டு றப்பர் காட்டுக்குள் ஓடியதை நான் மறக்கவில்லை. அவனுக்கு அது வெறும் கதை.

ஜனவரி 19
தலைவர் குழாயடியில் வைத்தே கேட்டார். "ஏன்க்கா, சோத்துக்கு வழியில்லாமயா பயல அங்க அனுப்புறீங்க? நம்ம ஆளுங்களுக்கே அசிங்கம்." போன வாரம் கோழை. இந்த வாரம் அசிங்கம். என்னதான்யா வேணும் உங்களுக்கு? எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் இவர் வாயால் கேட்டதும் பிடித்துவிட்டது.

மார்ச் 10
மதுசனை ஆமியில் எடுத்துவிட்டார்கள். ஆனால் தோட்டத்து ஆபீஸ் ஐயா சொல்கிறார், வேலைப் பட்டியலில் மதுசன் பேரை வெட்டினால் எங்கள் வீட்டில் வேலைக்கு ஆளில்லை, ஆளில்லாத வீட்டுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா கிடையாது. நான் ஓய்வில் வந்துவிட்டேனே. தலைவரிடம் போய் நின்றேன். "நாட்டக் காக்கப் போறவன் வீட்டக் காக்கமாட்டானாக்கா?" என்று சிரிக்கிறார். இத்தனை வருடம் சந்தா கட்டியது இந்தச் சிரிப்புக்குத்தான்.

மார்ச் 11
போகவில்லை என்கிறான். "காம்பரா போச்சுன்னா நீ எங்கம்மா இருப்ப?" திட்டினேன். ரொம்பத் திட்டிவிட்டேன்.

மார்ச் 12
ஐயாவிடம், நானே திரும்ப வேலைக்கு வருகிறேன் என்றேன். என் கால் முட்டியைப் பார்த்தார். பிறகு சரியென்றார். மதுசனிடம், ஐயா இரக்கப்பட்டுக் காம்பராவை விட்டுவிட்டார் என்று பொய் சொன்னேன். நம்பிவிட்டான்.

மார்ச் 23
போய்விட்டான். சவூதிக்கு வேலைக்குப் போகிற பெண்களை வழியனுப்ப லயமே திரளும். இவனுக்கு ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. கூட்டாளிகள் மட்டும் பஸ் வரை போனார்கள்.

மார்ச் 24
விடிய, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஆட்களோடு வரிசையில் நின்றேன். "இந்த வயசுல றப்பர் பால்வெட்டு எதுக்குக்கா?" என்றார் தலைவர். "எங்க வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், தலைவரே. ஒங்க மகன் எந்திரிச்சிட்டாரா?" யாரோ சிரித்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 5
மதுசன் போன் பண்ணினான். பயிற்சி கஷ்டம்தானாம், ஆனால் விடமாட்டானாம். "நீ என்னம்மா செய்ற?"
முட்டி வீங்கிக் கிடக்கிறது. கைலியால் கட்டியிருக்கிறேன்.
"சும்மாதான் குந்தியிருக்கேன்" என்றேன்.