கட்-அவுட்டில் செருகிய வெள்ளைக் குச்சி

அன்புள்ள அண்ணாச்சி,

நேற்று சாத்தூரில் என் மருமகனுடைய பழைய ஜீப்புக்கு ஃபியூஸ் பெட்டியும் ரிலேக்களும் புதிதாக மாற்றினார்கள். மெக்கானிக் ஒவ்வொரு ஃபியூஸுக்குப் பக்கத்திலும் தமிழில் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தார். முன்விளக்கு, ஹாரன், வைப்பர். ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சத்தமாக வாசித்தேன். எழுபத்தைந்து வயதில் மாலைப் பள்ளிக்குப் போய்க் கற்ற எழுத்து அல்லவா, சிரிப்பை அடக்க முடியவில்லை. மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்தார். பிறகு கழற்றிய பழைய பெட்டியை என் கையில் கொடுத்தார். கருகிய வயரின் வாசனை வந்தது. அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்கள் கண்ணை மூடி இருபது வருஷம் ஆகிறது. நான் எழுதும் முதல் கடிதம் இது. வேறு யாருக்கும் முதலில் எழுதத் தோன்றவில்லை.

நமது பட்டாசுக் கம்பெனி ஜீப் உங்களுக்கு நினைவிருக்கும். பட்டாளத்தில் கழித்து ஏலத்தில் வந்த வண்டி. சிவகாசிக் கடையிலிருந்து சைக்கிளில் வந்து அதன் வயரிங்கைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள். அதன் கட்-அவுட் ரிலே வீணாகிவிட்டது என்று சித்திரையிலேயே முதலாளியிடம் சொன்னீர்கள். என்ஜின் ஓடும்போது டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துவிட்டு, நின்றதும் பிரித்துவிட வேண்டிய ரிலே அது. சேர்க்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. சீசன் முடியட்டும் என்றார் முதலாளி.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, அந்த ஜீப்பின் டிரைவர். வண்டி வழியில் நின்றால் ஏச்சு விழுவது எனக்குத்தான். பக்கத்தில் தீப்பெட்டி செய்யும் ஆபீஸின் வாசலில் மருந்து தோய்க்காத வெள்ளைக் குச்சிகள் சிதறிக் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து, கட்-அவுட்டின் மூடியைத் திறந்து, பாயிண்ட் இரண்டும் ஒட்டியே இருக்கும்படி செருகினேன். சார்ஜ் ஏறியது. அடிக்கடி எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றினேன். என்ஜினை நிறுத்தியதும் குச்சியை எடுத்துவிட வேண்டும்; இல்லையென்றால் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாய்ந்து வயர் கருகும். பத்து நாள் மறக்காமல் எடுத்தேன். பதினோராவது நாள் மறந்தேன்.

கேட்டிலேயே என்ஜினை நிறுத்திவிட்டு, வண்டியைக் கையால் உள்ளே தள்ளிக்கொண்டு போவதுதான் கம்பெனி வழக்கம். அன்று நடுப்பகல், லோடு அவசரம். சரிவில் நாலு பேர் தள்ள, ஜீப் தானாகவே இறங்கி மருந்து ரூமுக்கும் காயப்போடும் மேடைக்கும் நடுவே வந்து நின்றது. மேடை முழுக்க மருந்து அடைத்த பூச்சட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் பானெட்டின் இடுக்கில் புகை நூல்போல எழும்பியது.

கிணற்று மோட்டாரைப் பார்க்க வந்திருந்த நீங்கள் புகையைக் கண்டு ஓடி வந்தீர்கள். நான் பேட்டரி வயரைப் பிடுங்கக் குனிந்தேன். என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தீர்கள்.

“ஏலே, கை வைக்காத. இங்கன பிடுங்குனா பொறி பறக்கும்.”

ஸ்டார்ட் செய்து வெளியே ஓட்டிவிடட்டுமா என்று கேட்டேன். சாவியைப் பிடுங்கிக்கொண்டீர்கள். அந்த வண்டி ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் சைலன்சர் நெருப்பைத் துப்பும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

“தள்ளு. வெளிய போயிப் பாத்துக்கிடலாம்.”

மருந்து ரூமில் இருந்தவர்களைப் பின்வாசல் வழியாக ஓடச் சொன்னீர்கள். எல்லோரும் ஓடினார்கள். பேக்கிங் கொட்டகையிலிருந்து ஆறு பெண்கள் மட்டும் ஓடாமல் எங்கள் பக்கம் வந்தார்கள். இறங்கி வந்த சரிவு இப்போது ஏற்றம். மணலில் சக்கரம் புதைந்தது. புகை கறுத்தது. கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது வண்டி ஒரு முழம் பின்வாங்கியது. அந்த ஆறு பேரில் ஒருத்தியான பாக்கியத்தின் வலது பாதம் பின்சக்கரத்துக்கு அடியில் போயிற்று. அவள் கத்தவில்லை. கையையும் எடுக்கவில்லை. “தள்ளுங்கடி” என்று மட்டும் சொன்னாள். வண்டி மேலேறி, பாதத்தை விட்டது.

கேட்டைத் தாண்டி, ரோட்டையும் தாண்டி, கரிசல் தரிசில் கொண்டுபோய் நிறுத்தினோம். எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நீங்கள் ஒருவராகவே பேட்டரி வயரைக் கழற்றினீர்கள். நீலமாக ஒரு பொறி தெறித்தது. புகை மெல்ல அடங்கியது.

பிறகு கட்-அவுட்டின் மூடியைத் திறந்து பார்த்தீர்கள். பாதி கருகிய குச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். செம்புக் கம்பியையும் பார்த்தீர்கள். முதலாளி வந்ததும், ரிலேயும் ஃபியூஸ் பெட்டியும் செத்துவிட்டன என்று மட்டும் சொன்னீர்கள். உன் வயரிங்தானே என்று அவர் அத்தனை பேர் முன்னால் உங்களை ஏசினார். புதிது மாட்டிக் கொடுத்துவிட்டு இனி இந்தப் பக்கம் வராதே என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் மனைவிக்கு மாதம் நெருங்கியிருந்தது. வேலை போய்விடுமே என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

மறுநாள் புதுப் பெட்டியை என்னையே மாட்டச் சொன்னீர்கள். நான் திருகிக்கொண்டிருந்தபோது, “ஃபியூசு எரியட்டும்லே. அது எரியிறதுக்குத்தான் அங்கன வச்சிருக்கு” என்றீர்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, “பாக்கியத்துக்கிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்” என்றீர்கள்.

அவள் பாதம் கோணலாகத்தான் கூடியது. பழைய வண்டி செய்த வேலை என்று ஊரே பேசியது. அவளும் அப்படியே நம்பினாள். உங்கள் கடைக்கு நான் வரும்போதெல்லாம் “சொல்லிட்டியாலே?” என்பீர்கள். நாலைந்து வருஷம் கேட்டீர்கள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டு டீ மட்டும் வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த டீயைக் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

இதுவரை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் இதை எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு எம். புதுப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். பாக்கியம் மகள் வீட்டில் இருக்கிறாள். வாயால் சொன்னால் எங்காவது மழுப்பிவிடுவேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம். அதனால் எழுதியதை அப்படியே வாசித்தேன். குச்சி வந்த இடத்தில் வரி தவறியது. வரியின்கீழ் விரல் வைத்து மறுபடி வாசித்தேன்.

முடிந்ததும் வலது காலை நீட்டித் தடவிக்கொண்டாள். பிறகு, “அந்தத் தள்ளுன எடத்த இன்னொருக்கா வாசிங்க” என்றாள். வாசித்தேன். மூன்றாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள்.

“ஆறு பொம்பளைன்னு எழுதிட்டு எம் பேர மட்டும் போட்டிருக்கீகளே. மத்தவுக தள்ளலையா?”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவள் சொல்லச் சொல்ல அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். காளியம்மாள். மரியபுஷ்பம். இருளாயி. ஞானசௌந்தரி. அந்த நாலு பேரில் மூன்று பேர் இப்போது இல்லையாம். ஆறாவது, மல்லாங்கிணற்றிலிருந்து வேலைக்கு வந்த பெண். முகம் நிற்கிறது, பெயர் வரமாட்டேன் என்கிறது என்றாள் பாக்கியம். அந்தப் பெயருக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன், அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை மல்லாங்கிணற்றுக்குப் போய் வீடு வீடாக விசாரிக்கப் போகிறேன். பாக்கியமும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.