ஹால் குளத்துச் சுறா

அன்புள்ள தபீதாளுக்கு,

உன் தம்பி கட்டிய மீன் குளம் உடையும் என்று நான் அன்றே சொன்னேன். மற்றபடி கர்த்தர் கிருபையால் சுகம். உன் முழங்கால் வலி, ஜெனியின் இருமல் எப்படி?

ஜெர்சன் பீர்க்கன்கரணை வீட்டு ஹாலில் சோபாவை அப்புறப்படுத்தி, பிளைவுட்டில் பன்னிரண்டடிப் பெட்டி அடித்து, உள்ளே ரப்பர் ஷீட் விரித்துக் குளமாக்கியிருக்கிறான். நாலு சுறா விட்டிருக்கிறானாம். ஆராதனை முடிந்ததும் சபையே அங்கே போய் செல்ஃபி எடுக்கிறது. அதே வீட்டு மாடி ரூமில் இருக்கும் என்னை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

உடன்குடிக் கடல் காற்றில் வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியாத சுறாவா? பாஸ்டர் முன்னாலேயே அவனிடம் சொன்னேன்: "ஏலே, இது கெளுத்தி ஜாதி. கடைக்காரன் சுறான்னு உன் தலையில கட்டிட்டான்."

"அத்தான், நீங்க சுறாவைப் புட்டாத்தான பாத்திருக்கீங்க!" என்றான். பாஸ்டரும் சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே பெட்டி பிளந்து தண்ணீர் வாசல்வரை ஓடியது. நான் ஒற்றை ஆளாக முதுகைக் கொடுத்துத் தாங்கியதால் தெரு பிழைத்தது.

லீவுக்குப் பிள்ளைகளோடு சுறா பார்க்க வருவதாக அவனுக்குப் போன் பண்ணினாயாமே? ஒரு வருஷமாக நான் கூப்பிட்டபோதெல்லாம் உனக்கு முழங்கால் வலித்தது. சரி, வரும்போது கருப்பட்டியும் என் நீலக் கைலியும் கொண்டு வா. இங்கே ஒரு தலையணைதான் இருக்கிறது, உனக்கும் ஒன்று எடுத்துக்கொள்.

சிறுசேரி கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது, வேலைக்குப் போகணும். முடிக்கிறேன்.

உன் ஜீவரத்தினம்

பி.கு: குளம் உடையவில்லை. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பயந்துபோய் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிடாதே.