மலையடி வரை நாவல்

ஜூன் 9, திங்கள்
மகள் அபிநயாவின் பள்ளி வாசலில் அவள் தோழியின் அம்மா சுபஸ்ரீ பிடித்துக்கொண்டாள். "நர்ஸ் வேலைக்கும் போய்க்கினு எப்பிடிக்கா படிக்கிறீங்க? எனக்கும் நாலு புக்கு சொல்லுங்க." பெரிய மேதாவி மாதிரி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறியதும் நாவல். மலையடி வந்ததும் மூடிவிடு. வளைவுகளில் நாலு வரிக் கவிதை போதும், மீறினால் வாந்தி. (அனுபவம். துப்பறியும் கதை. பக்கத்து சீட்டுக்காரர் வேட்டி.)
பதில் வந்தது: "புக்கு பேரு கேட்டா பஸ் ரூட்டு சொல்றீங்களே!"

ஜூன் 14, சனி
வீட்டுக்காரர் எனக்கு ஸ்கூட்டர் வாங்கி வந்துவிட்டார். மாலை, சந்தனம் எல்லாம் போட்டு! "இனிமே வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு நிக்க வாணாம். ஒரு மணி நேரம் மிச்சம்."
"சீக்கிரம் வந்தா மாவு ஆட்டிடலாம்" என்றார் மாமியார்.
ஐயோ, நான் படிப்பதே அந்த பஸ்ஸில்தானே! ஈ என்று இளித்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றினேன்.

ஜூன் 16
மாவு ஆட்டினேன்.

ஜூன் 19
நாவலில் கதாநாயகி ரயிலேறி அஞ்சு நாளாச்சு. இறங்கினாளா, இல்லையா?

ஜூன் 20, வெள்ளி
திரும்பும்போது மலையடிப் புளியமரத்தடியில் நிறுத்திப் படித்தேன். ஒரே அத்தியாயம் என்றுதான் உட்கார்ந்தேன் — என் பேச்சை நானே நம்பலாமா?
"பஸ்ஸு வர்ற நேரத்துக்கே வர்ற?" என்றார் மாமியார்.
"டிராபிக்."
கல்வராயன் மலையில் டிராபிக்! ஆடுமாடுகூட நம்பாது.

ஜூன் 24, செவ்வாய்
மானம் போச்சு. வீட்டுக்காரருடைய கூட்டாளி வீரமுத்து என்னை மரத்தடியில் பார்த்துவிட்டு, "வண்டி ரிப்பேராயி உங்க வூட்டம்மா ரோட்டோரமா குந்திக்கினு இருக்குது, பாவம்" என்று போன் போட்டிருக்கிறார். நான் வருவதற்குள் வாசலில் மெக்கானிக். கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "ஒரு கொறையும் இல்லீங்க." சீட்டைத் தூக்கினார். ரெண்டு நாவல்.
வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். "படிக்கணும்னா வூட்டுல படிக்கறதுக்கு இன்னா?"
"வூட்டுல உக்காந்தா ஆளாளுக்குக் கூப்புடறீங்க! பஸ்ஸுல யாரும் என்னைக் கூப்புடறதில்ல!" மெக்கானிக் எதிரிலேயே கத்திவிட்டேன். அழுகை வேறு.
ராத்திரி வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. எவ்வளவு ஆசையாக வாங்கினார், பாவம். எனக்கு நாக்கில் சனி.

ஜூன் 25, புதன்
காலையில் ஸ்கூட்டரில் அவர் உட்கார்ந்திருந்தார். "ஏறு பின்னால." நேராக பஸ் ஸ்டாண்டு. வெள்ளிமலை பஸ் திரும்பும்போதே ஓடிப்போய், தோள்துண்டை ஜன்னல் வழியாக ஓர சீட்டில் போட்டார்.
"போ. சாயங்காலம் நான் இங்க வந்து கூட்டிக்கினு போறேன்."
துண்டைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். மலையடி வரை அதை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.