மாதம்மா இழுத்த இஞ்சின்

18 ஜனவரி 1968, வியாழன். பாப்பாரப்பட்டி.

போன மாதம் புருஷனைப் பறிகொடுத்த மாதம்மா இன்று தன் கிணற்று இஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுப் பட்டறைக்கு வந்தாள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பில் ஓட்டிக் காட்டினேன்.

"நானே இழுத்துப் பாக்கறங்க பாய்" என்றாள். இஞ்சின் எதிர்த்து உதைத்ததில் கயிறு அவள் வலது மணிக்கட்டை முறுக்கிவிட்டது. என் மனைவி மைமூன் ஓடிவந்து ஈரத்துணி சுற்றினாள்.

"கொழுந்தனை இழுத்து விடச் சொல்லும்மா" என்றேன்.

"இஞ்சின் அவரு கைக்குப் போனா தண்ணியும் போயிருங்க. அப்புறம் நெலமும் போயிரும்."

இஞ்சினுக்குள் தீப்பொறி கொஞ்சம் தாமதமாக விழும்படி திருப்பி வைத்தேன். "இனி உதைக்காது. ஆனா வேகம் கொறஞ்சு தண்ணி கம்மியாத்தான் வரும்."

"வர்றது வரட்டுங்க. என் கையால வரட்டும்."

இடது கையால் இழுத்தாள். நாலைந்து இழுப்புக்குப் பிறகு இஞ்சின் பிடித்துக்கொண்டது. அதை நிறுத்த மனசில்லாமல் வெகுநேரம் பக்கத்திலேயே நின்றாள்.

விடியற்காலைக் குளிரில் இஞ்சின் லேசில் கிளம்பாது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். காலையில் ஒரு எட்டு போய்ப் பார்க்க வேண்டும். மைமூனையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். நான் தனியாகப் போய் நின்றால் அந்தக் கொழுந்தன் அவளைத்தான் தப்பாகப் பேசுவான்.